ஒரே பந்திக்காகப் போராடிய பவுல்

ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துவக் கோவில்களில் வேதம் வாசிக்கிறார்கள், பாடுகிறார்கள், பிரசங்கம் கேட்கிறார்கள், அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பகிர்ந்து கொள்கிறார்கள்.

இந்த வழிபாடு எப்படித் தோன்றியது? கோபுரமும் மணியும் இல்லாத முதல் காலத்தில் அது எங்கே நடந்தது? யார் யார் அதில் கலந்துகொண்டார்கள்?

இதற்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று, ஒரு கூடாரத் தொழிலாளி எழுதிய கடிதங்கள்தான். அவர் பெயர் பவுல். பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். அதனால்தான் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் நெடுங்காலமாக அவரைச் சின்னப்பர் என்று அழைத்து வந்தார்கள்.

அவர் இயேசுநாதரின் 12 சீடர்களில் ஒருவர் அல்லர். இயேசுநாதர் ஊர் ஊராகச் சென்று போதித்தபோது கூட இருந்தவரும் அல்லர். தொடக்கத்தில் அவர் இந்தக் கூட்டத்துக்குப் பரம விரோதி!

தர்சு நகரத்து வாலிபர்

இன்றைய துருக்கியின் தென்பகுதியில் தர்சு என்ற நகரம் இருக்கிறது. அன்று அது சிலிசியா நாட்டின் தலைநகரம். வெள்ளாட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணிக்கு அந்த நாடு பெயர் பெற்றது. பவுல் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். யூதப் பெயர் சவுல். ரோமானியப் பெயர் பவுல். பிறப்பிலேயே அவர் ரோமாபுரியின் குடியுரிமை பெற்றவர் என்று பைபிளில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் கூறுகிறது. இந்த உரிமை பிற்காலத்தில் அவர் உயிரைக் காப்பாற்றியது.

வாலிப வயதில் அவர் ஜெருசலேமுக்குச் சென்று, கமாலியேல் என்ற பேர்பெற்ற குருவிடம் வேதம் கற்றார். பரிசேயர் என்ற பிரிவில் சேர்ந்தார். பரிசேயர்கள் வேத நியமங்களை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள். எதைச் சாப்பிடலாம், எப்படிச் சமைக்கலாம், யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மிக முக்கியம்.

இதை வெறும் ஆசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கி.மு. 167-ல் அந்தியோக்கஸ் என்ற கிரேக்க அரசன் யூதர்களின் விருத்தசேதனத்தைத் தடை செய்தான். ஜெருசலேம் கோவிலின் புனிதத்தைக் கெடுத்தான். நியமங்களை விட மறுத்துப் பல யூதர்கள் உயிரைக் கொடுத்தார்கள். பெரிய சாம்ராஜ்யங்களுக்கு நடுவே ஒரு சிறிய இனம் தன் அடையாளத்தைக் காத்துக்கொண்டது இப்படித்தான். பவுல் இந்தப் பரம்பரையில் வளர்ந்தவர்.

முதல் கூட்டம்

ஏறக்குறைய கி.பி. 30-ல், யூதேயாவில் ரோமாபுரியின் அதிகாரியாக இருந்த பொந்தியு பிலாத்து, இயேசுநாதரைச் சிலுவையில் அறைந்து கொல்லும்படி உத்தரவிட்டான். அவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று சீடர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சுற்றி ஜெருசலேமில் ஒரு கூட்டம் சேர்ந்தது.

அதில் இருந்தவர்கள் அனைவரும் யூதர்கள். புதிய மதம் தொடங்குகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. வழக்கம்போல ஜெருசலேம் கோவிலுக்குச் சென்று ஜெபம் செய்தார்கள். ஓய்வு நாளைக் கடைப்பிடித்தார்கள். ஆனால் அவர்களிடம் சில புதிய வழக்கங்களும் இருந்தன. இயேசுவின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். வீடுகளில் கூடி, அவரை நினைத்து அப்பம் பிட்டு உண்டார்கள். அவரை ஆண்டவர் என்று அழைத்து மன்றாடினார்கள்.

பவுலுக்கு இது பொறுக்கவில்லை. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சாபத்துக்கு உள்ளானவன் என்பது வேத நியமம். அப்படிச் செத்த ஒருவரை மீட்பர் என்று கொண்டாடுவதா? ஸ்தேவான் என்ற சீடரை மக்கள் கல்லால் அடித்துக் கொன்றபோது, கல் எறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவலாக நின்றவர் பவுல்தான். பிறகு அவர் வீடு வீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் ஜெயிலுக்கு அனுப்பினார்.

டமாஸ்கஸ் சாலையில்

ஜெருசலேமிலிருந்து தப்பிய சிலர் டமாஸ்கஸ் நகரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்களைக் கைது செய்யப் பவுல் புறப்பட்டார். ஊரை நெருங்கும்போது திடீரென்று வானத்திலிருந்து ஓர் ஒளி அவரைச் சூழ்ந்தது. அவர் தரையில் விழுந்தார். இயேசுவின் குரலைக் கேட்டார். 3 நாள் பார்வை இல்லாமல் இருந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பவுல் தம் கடிதத்தில் இதைச் சுருக்கமாகவே சொல்கிறார். கடவுள் தம்முடைய மகனைத் தமக்கு வெளிப்படுத்தினார் என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

அவரைக் கைதூக்கி விட்டவர், அவர் கைது செய்ய வந்த கூட்டத்தைச் சேர்ந்த அனனியா என்பவர். நேர்த்தெரு என்ற தெருவில் இருந்த ஒரு வீட்டுக்குத் தேடிச் சென்று, வேட்டையாட வந்தவரின் தலையில் கைவைத்து அவர் ஜெபித்தார். அந்தத் தெரு டமாஸ்கஸில் இன்றும் இருக்கிறது.

பவுல் மனம் மாறியதும் அவருக்கே எதிரிகள் முளைத்தார்கள். அரேத்தா அரசனின் அதிகாரி அவரைப் பிடிக்க நகரத்தைக் காவல் காத்தான். நண்பர்கள் பவுலை ஒரு கூடையில் உட்கார வைத்து, மதில் ஜன்னல் வழியாகக் கீழே இறக்கித் தப்புவித்தார்கள்.

3 ஆண்டு கழித்து அவர் ஜெருசலேமுக்குப் போனார். தலைமைச் சீடரான பேதுருவின் விருந்தாளியாக 15 நாள் தங்கினார். இயேசுநாதரின் சகோதரர் என்று சொல்லப்படும் யாக்கோபையும் சந்தித்தார்.

அந்தியோக்கியாவில் தகராறு

ரோமாபுரி, அலெக்சாண்டிரியா ஆகிய நகரங்களுக்கு அடுத்தபடியாகப் பெரிய நகரம் அந்தியோக்கியா. இன்று அதன் பெயர் அந்தாக்கியா, துருக்கியில் இருக்கிறது. ஜெருசலேமிலிருந்து ஓடி வந்த சீடர்கள் அங்கே யூதர் அல்லாத கிரேக்கர்களுக்கும் போதித்தார்கள். கிரேக்கர்கள் திரளாக வந்து சேர்ந்தார்கள். பர்னபா என்ற பெரியவர் தர்சு நகருக்குப் போய்ப் பவுலைத் தேடிப் பிடித்து, உதவிக்கு அழைத்து வந்தார். கிறிஸ்தவர் என்ற பெயரே அந்த ஊரில்தான் முதன்முதலாகத் தோன்றியது.

பவுலும் பர்னபாவும் சைப்ரஸ் தீவுக்கும், ஆசியா மைனரின் உள்நாட்டு ஊர்களுக்கும் சென்று போதித்தார்கள். லீஸ்திரா என்ற ஊரில் பவுலைக் கல்லால் அடித்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் எழுந்து மறுநாள் பயணத்தைத் தொடர்ந்தார்.

யூதர் அல்லாதவர்களின் தொகை பெருகப் பெருக, ஒரு கேள்வியும் பெரிதாகியது. கிறிஸ்துவை நம்பும் கிரேக்கன் முதலில் யூதனாக மாற வேண்டுமா? விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா?

இதைப் பேசித் தீர்க்க, சுமார் 48 அல்லது 49-ல் ஜெருசலேமில் தலைவர்கள் கூடினார்கள். விருத்தசேதனம் கட்டாயம் இல்லை என்று முடிவாயிற்று. யாக்கோபும் பேதுருவும் யோவானும் பவுலுக்கு வலது கை கொடுத்து உடன்பட்டார்கள். ஜெருசலேமில் உள்ள ஏழைகளை மறக்கக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பவுல் சம்மதித்தார்.

ஆனால் பந்தி விஷயம் தீரவில்லை!

பேதுரு ஒருமுறை அந்தியோக்கியாவுக்கு வந்தார். அங்கே யூதரும் கிரேக்கரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதைக் கண்டார். தாமும் அவர்களோடு உட்கார்ந்தார். சில நாள் சென்றது. யாக்கோபிடமிருந்து சிலர் ஜெருசலேமிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கண்டதும் பேதுரு மெல்ல விலகினார். மற்ற யூதர்களும் விலகினார்கள். கடைசியில் பர்னபாவும் எழுந்து போய்விட்டார்.

பேதுருவின் நிலைமை இக்கட்டானதுதான். யூதர்களிடையே போதிக்கும் பொறுப்பு அவருடையது. அவர் கிரேக்கரோடு உண்கிறார் என்ற செய்தி யூதேயாவில் பரவினால், அவர் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்?

பவுல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். அந்த நாளில் சாப்பாடு வேறு, வழிபாடு வேறு அல்ல. அப்பம் பிட்டு உண்பதே வழிபாடு. பந்தி இரண்டானால் சபையும் இரண்டாகும். ஒன்று உயர்ந்த சபை. மற்றொன்று தாழ்ந்த சபை. தம்மால் சேர்க்கப்பட்ட கிரேக்கர்கள் இரண்டாந்தர மக்களாக வெளியே நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

பேதுரு தவறை ஒப்புக்கொண்டாரா? பவுல் தம் கடிதத்தில் இந்தச் சம்பவத்தை விவரமாக எழுதியிருக்கிறார். ஆனால் பேதுரு இணங்கினார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அன்று அவர் தனித்து நின்றார் என்றுதான் தோன்றுகிறது.

கூடாரம் தைத்த கைகள்

பர்னபாவும் பவுலும் பிரிந்தார்கள். பவுல் மேற்கே கிரீஸ் நாட்டுக்குப் போனார். பிலிப்பி நகரில் லீதியாள் என்ற பெண்மணி, விலை உயர்ந்த செந்நீலத் துணி வியாபாரம் செய்பவர், தம் வீட்டைத் திறந்து விட்டார். அந்த வீடே அவ்வூரில் சபை கூடும் இடமாயிற்று.

சுமார் 50-ல் அவர் கொரிந்து நகருக்கு வந்தார். ரோமாபுரியிலிருந்து யூதர்களை வெளியேற்றக் கிளவுதியு சக்கரவர்த்தி போட்ட உத்தரவினால், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியர் அங்கே வந்திருந்தார்கள். அவர்களும் கூடாரம் செய்பவர்கள். பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்து பிழைத்தார். பகலில் ஊசியும் துணியும். மற்ற நேரம் போதனை. இப்படி ஒன்றரை ஆண்டு கழிந்தது.

அங்கே எதிரிகள் அவரைக் கல்லியோன் என்ற கவர்னர் முன் நிறுத்தினார்கள். கவர்னர் வழக்கைத் தள்ளிவிட்டார். இந்தக் கல்லியோனின் பெயர் பொறித்த கல்வெட்டு கிரீஸில் உள்ள டெல்பியில் கிடைத்திருக்கிறது. அதை வைத்து அவர் பதவியில் இருந்தது 51, 52-ஐ ஒட்டிய காலம் என்று கணக்கிடுகிறார்கள். பவுலின் வாழ்க்கையில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஆண்டு இதுதான்.

கொரிந்துவில் இருந்தபோது அவர் தெசலோனிக்கா நகரத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்துவர்கள் எழுதி இன்று நம்மிடம் இருப்பவற்றில் அதுவே மிகப் பழையது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். நான்கு சுவிசேஷங்களில் பழையதான மாற்கு சுவிசேஷம்கூட அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டு பிந்தியது. தம் கடிதத்தைச் சகோதரர் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பவுல் அதில் கேட்டுக்கொள்கிறார். யூத ஜெபக் கூடங்களில் வேதம் வாசிப்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தோடு இந்தக் கடிதங்களும் சேர்ந்துகொண்டன.

கொரிந்துவில் பந்தி பிரிந்தது

சுமார் 54-ல் பவுல் எபேசு நகரில் இருந்தார். கொரிந்துவிலிருந்து கெட்ட செய்தி வந்தது.

அந்த ஊரில் சபை கூடியது வசதியுள்ளவர்களின் வீடுகளில். அக்காலத்து ரோமானிய வீட்டில் உணவுக் கூடம் சிறியது. 3 சாய்வு மெத்தைகள். மெத்தைக்கு 3 பேராக 9 பேர் சாய்ந்து உண்ணலாம். மற்றவர்கள் முற்றத்தில் இருக்க வேண்டியதுதான். பணக்காரர்கள் முன்னதாகவே சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றும் இல்லாத ஏழைகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒருவர் பசியோடு இருந்தார்; இன்னொருவர் குடிவெறியில் இருந்தார்.

அந்தியோக்கியாவில் இனத்தால் பிரிந்த பந்தி, கொரிந்துவில் பணத்தால் பிரிந்துவிட்டது!

பவுல் கோபத்தோடு கடிதம் எழுதினார். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று இடித்துரைத்தார். சாப்பிட வீடு இல்லையா, இல்லாதவர்களை ஏன் வெட்கப்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். அதோடு, தாம் கேட்டு அறிந்த செய்தி ஒன்றையும் எடுத்துச் சொன்னார். இயேசுநாதர் காட்டிக் கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துச் சொன்னதும் செய்ததும்தான் அது.

இயேசுநாதரின் கடைசி விருந்தைப் பற்றிக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் இதுவே முதலாவது. உலகெங்கும் கோவில்களில் இன்று பக்தியோடு சொல்லப்படும் அந்த வரலாறு, ஏழைகளுக்குச் சோறு வைக்காத ஒரு பந்தியைத் திருத்துவதற்காக எழுதப்பட்டது!

அதே கடிதத்தில் முதல் கால வழிபாட்டின் வேறு அடையாளங்களும் உண்டு. கூட்டத்தில் ஒருவர் பாட்டுப் பாடுவார். ஒருவர் உபதேசம் செய்வார். பலர் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பம் உண்டாவதும் உண்டு. வாரத்தின் முதல் நாளில் அவரவர் தகுதிக்கு ஏற்பக் காசு எடுத்து வைக்க வேண்டும். கடிதத்தின் முடிவில் மாரநாதா என்ற சொல் வருகிறது. எங்கள் ஆண்டவரே வாரும் என்று அதற்குப் பொருள் கூறுவார்கள். அது கிரேக்கச் சொல் அல்ல. இயேசுநாதர் பேசிய அரமேய மொழி. கிரேக்கம் பேசிய கொரிந்து மக்களும் அந்தச் சொல்லை அறிந்திருந்தார்கள். இயேசுவை ஆண்டவர் என்று அழைத்த வழிபாடு, முதன்முதல் யூதச் சீடர்களிடமே பிறந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

வாரத்தின் முதல் நாள் என்பது ஞாயிறு. அன்று அது விடுமுறை அல்ல. ஞாயிறை ஓய்வு நாளாக்கிக் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி உத்தரவு போட்டது 321-ல்தான். துரோவா என்ற ஊரில் ஒரு முதல் நாள் இரவு, மாடி அறையில் விளக்குகள் எரிய, பவுல் நள்ளிரவு வரை பேசினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டான்! எல்லோரும் பதறினார்கள். பவுல் இறங்கிப் போய் அவனைத் தழுவிக்கொண்டார். பையன் பிழைத்தான். பிறகு மேலே வந்து அப்பம் பிட்டு உண்டார்கள். பேச்சு விடியும் வரை தொடர்ந்தது.

பணமும் மதிலும்

ஜெருசலேம் ஏழைகளை மறக்கமாட்டேன் என்று கொடுத்த வாக்கைப் பவுல் காப்பாற்றினார். கிரீஸிலும் ஆசியா மைனரிலும் இருந்த சபைகளில் பல ஆண்டு பணம் திரட்டினார். கிரேக்கர் கொடுத்த காசை யூதச் சகோதரர்கள் வாங்கிக்கொண்டால், பிளவு ஆறிவிடும் என்பது அவர் எண்ணம். போனால் ஆபத்து என்று வழியெல்லாம் நண்பர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. சுமார் 57-ல் ஜெருசலேம் சேர்ந்தார்.

அங்கே கோவிலின் வெளிப் பிராகாரம் வரை அனைவரும் வரலாம். அதற்கு உள்ளே ஒரு தடுப்புச் சுவர். யூதர் அல்லாதவர் அதைத் தாண்டினால் மரணம் என்று எச்சரிக்கும் கற்கள் அங்கே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று 1871-ல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எபேசு நகரத்துக் கிரேக்கர் துரோப்பீமு என்பவரைப் பவுல் அந்தச் சுவருக்கு உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. கூட்டம் அவரைப் பிடித்து இழுத்து அடித்தது. ரோமானியப் படை வந்து மீட்டது. கசையடி கொடுக்கக் கட்டினார்கள். அவர் ரோமாபுரியின் குடிமகன் என்று தெரிந்ததும் அவிழ்த்துவிட்டார்கள்.

செசரியா நகரில் 2 ஆண்டு சிறைவாசம். பிறகு அவர் சக்கரவர்த்திக்கே அப்பீல் செய்தார். கைதியாகக் கப்பல் ஏறினார். கப்பலில் 276 பேர். புயலில் கப்பல் மால்டா தீவில் மோதி உடைந்தது. ஒருவரும் சாகவில்லை. அது அவருக்குப் புதிய அனுபவம் அல்ல. அதற்கு முன்பே அவர் 3 முறை கப்பல் சேதத்தில் சிக்கியவர். 5 முறை 39 கசையடி வாங்கியவர். 3 முறை தடியடி பட்டவர்.

ரோமாபுரியில் வாடகை வீட்டில், காவலில், 2 ஆண்டு இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் போதித்தார். அப்போஸ்தலர் நடபடிகள் அத்துடன் முடிகிறது.

பிறகு

64-ல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. நீரோ சக்கரவர்த்தி பழியைக் கிறிஸ்துவர்கள் மீது சுமத்தினான். அவன் காலத்தில் பவுல் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது பழைய மரபு. நகர மதிலுக்கு வெளியே, ஆஸ்தியா சாலையில், அவர் கல்லறை மீது பெரிய தேவாலயம் எழுந்தது. அங்கே பீடத்தின் அடியில் உள்ள கல் பெட்டிக்குள் இருந்த எலும்புத் துண்டுகள், முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவருடையவை என்று சோதனையில் தெரிந்ததாக, 2009-ல் போப்பாண்டவர் 16-ம் பெனடிக்ட் அறிவித்தார். பெயரை அந்தச் சோதனை சொல்லாது, காலம் பொருந்துகிறது.

70-ல் ரோமானியப் படை ஜெருசலேம் கோவிலை இடித்தது. தடுப்புச் சுவரும் வீழ்ந்தது. பவுல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் பெயரில் பைபிளில் 13 கடிதங்கள் உள்ளன. அவற்றில் 7 அவரே எழுதியவை என்பதில் அறிஞர்களுக்கு ஐயமில்லை.

சுமார் 112-ல், ஆசியா மைனரின் வடபகுதியில் கவர்னராக இருந்த பிளினி, கிறிஸ்துவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதினார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள். பிறகு மறுபடி கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள் என்று அறிவித்தார். உண்மையை வரவழைக்க அவர் சித்திரவதை செய்த இருவர், அடிமைப் பெண்கள். ஆனால் சபையில் அவர்கள் பணிப்பொறுப்பு வகித்தவர்கள்! முற்றத்தில் பசியோடு நின்ற ஏழைகளுக்காகப் பவுல் கடிதம் எழுதி, அப்போது 60 ஆண்டுகூட ஆகவில்லை.

அந்தியோக்கியாவில் பந்தியில் மோதிக்கொண்ட பேதுருவும் பவுலும் ரோமாபுரியிலேயே உயிர் துறந்தார்கள் என்று கிறிஸ்துவ மரபு சொல்கிறது.  மூன்றாம் நூற்றாண்டு முதலே ஜூன் 29-ம் தேதி இருவரையும் ஒன்றாக நினைத்துக் கொண்டாடுகிறார்கள்.